வெறும் வயித்தோட வாங்க

4-7-2025 வெள்ளி

உ

ரெண்டு மாடும் சேர்ந்து காலையில் ஒன்பது லிட்டர். பழைய மாடு நேற்றைவிட அரை லிட்டர் குறைத்துவிட்டது. புல் மாற்றினதாலா, யாராவது கண் வைத்தார்களா தெரியவில்லை. மாரியம்மன் திருநீறு பூசிவிட்டேன். புல்லையும் பழையபடி மாற்றிவிட்டேன். ரெண்டில் ஒன்று கேட்கும்.

இளமதி சாயங்கால பஸ்ஸில் வந்தாள். எம்.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம் தொடங்கி பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் ஏதோ ஆராய்ச்சிப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்களாம். பத்துப் பிள்ளைகள். மூன்று வருஷத் திட்டம். பயிற்சியும் கொடுத்து மாதம் ஐயாயிரமும் தருவார்களாம். காலேஜுக்கு நாம் கட்டுவதுதான் உலக வழக்கம். காலேஜ் நமக்குக் கட்டுகிறது என்றால் என்ன அர்த்தம்?

சாப்பிடும்போது கேட்டாள், "பாஸ்டிங்னா நல்ல தமிழ்ல என்னம்மா?" ஏதோ நோட்டீஸுக்காம். விரதம் என்றேன். "அது சாமி விஷயம் மாதிரி இல்ல?" என்றாள். "நான் ஒம்பதாவதோட நின்னவதான். தமிழ்ல ஒனக்குச் சொல்ற அளவுக்கு இருக்கேன்" என்றேன். எழுதிக்கொண்டாள். ரேஷன் கடை போர்டில் எழுத்துப்பிழை திருத்தினவள் நான். இது என்ன பெரிய காரியம்.

8-7-2025

அவுக குவைத்திலிருந்து பேசினார்கள். ஐயாயிரத்தைச் சொன்னேன். "நல்லதுதானே" என்றார்கள். இவுகளுக்கு எல்லாமே நல்லதுதான். பிள்ளையிடம் என்ன வேலை வாங்குவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

13-7-2025 ஞாயிறு

தேவிப்ரியா மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டது. இளமதிக்கு டிபார்ட்மெண்ட் மிஸ். நாற்பது வயசு இருக்கும். பஸ்ஸில்தான் வந்தது. கார் இல்லை. கார் இல்லாதவர்களை நம்பலாம் என்றும் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் தெருப் பெண்கள் முப்பது பேருக்கு ரத்தம் எடுத்து, சர்க்கரை, ரத்தசோகை பார்க்கப் போகிறார்கள். இதே மாதிரி குளத்தூர்ப் பக்கம் விக்ரம் என்று ஒரு பையனின் ஊரில். இப்படி பத்துப் பிள்ளைகள், பத்து ஊர்.

"ரத்தத்தை எடுத்து என்ன பண்ணுவீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

மிஸ் சிரித்தது. "இத்தனை நாளும் பெரிய ஊர்க்காரங்க வந்து எடுத்துட்டுப் போனாங்கம்மா. நம்ம ஊரு ரத்தம், அவங்க ஊரு மெஷின், அவங்க பேரு. எங்க மாதிரி சின்னக் காலேஜுப் பிள்ளைங்க டியூப் கழுவுறதோட சரி. இப்ப நம்ம பிள்ளைங்களே எடுத்து, நம்ம பிள்ளைங்களே பாக்கணும்னுதான்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சீட்டுக் கம்பெனிக்காரனும் நன்றாகத்தான் பேசினான்.

மோர் கொடுத்தேன். உப்பு போடாமல் கேட்டு வாங்கிக் குடித்தது.

14-7-2025

மிஸ் கொடுத்துவிட்டுப் போன நாலு பக்க ஒப்புதல் படிவத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் பக்கம், ஏழாவது வரி: "நீங்கள் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்."

இப்படி எழுதுவானேன்? பெண் கொடுக்கிற இடத்தில் "எப்ப வேணாலும் கூட்டிட்டுப் போயிருங்க" என்று முதலிலேயே சொன்னால் நாம் கொடுப்போமா?

கையெழுத்துப் போடவில்லை. இளமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

20-7-2025 ஞாயிறு

போட்டேன். கிருத்திகை என்பதால் முருகன்மேல் பாரத்தைப் போட்டு, பேனாவைக் கும்பிட்டுப் போட்டேன். நான் போட்டதும் தெருவில் மற்றவர்களும் போட்டார்கள். இதுதான் பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

26-7-2025 சனி

நாளைக்கு ரத்தம் எடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில். இளமதி டியூபெல்லாம் அடுக்க வேண்டும் என்று ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். வீட்டுக்கு வீடு சீட்டு மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறாள்: "சனி இரவு எட்டு மணி முதல் விரதமிருந்து காலை ஏழு மணிக்கு வரவும்."

விரதம் என்றதும் தெருவே என்னிடம்தான் வந்தது. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை எல்லாம் இருக்கிறவள் நான்தானே. "பால் குடிக்கலாமா, கொடி?" "குடிக்கலாம்." "வாழைப்பழம்?" "பழத்துக்கு என்ன? சோறுதான் கூடாது, பலகாரம் கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது." எல்லாருக்கும் நிம்மதி. அப்படியானால் விடிகாலையில் கால் லிட்டர் கூட ஊற்று என்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அது விரதம் என்றால் பச்சைத்தண்ணிதான். "பாலு குடிச்சா அது விரதமாடி? ஆளு குண்டாகுறதுக்கு விரதம் இருக்குறவ நீ ஒருத்திதான்" என்று கேலி வேறு.

27-7-2025 ஞாயிறு

விடிகாலை கூடுதலாகக் கால் லிட்டர் வாங்கின வீடு பதினைந்து. பேர் எல்லாம் பால் நோட்டில் இருக்கிறது. சொசைட்டிக்கு இன்றைக்கு ஊற்றவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் நர்ஸம்மா ஊசியைப் போடும் முன்னால் ஒவ்வொருவரையும் கேட்டது, "ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" எல்லாரும் "இல்லைங்க, விரதம்" என்றார்கள். இளமதி வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒவ்வொரு டியூபிலும் நம்பர் ஒட்டினாள். பேர் எழுதவில்லை, நம்பர்தான். பேரை மறைக்கிற வேலை எதற்கு? கேட்டதற்கு, "நீ 12-ஆம் நம்பர்மா, ஒன் பேரு வெளிய தெரியக் கூடாதுல்ல" என்றாள். என் பேர் தெரிந்தால் எனக்கு என்ன? நான் யார் குடியைக் கெடுத்தேன்?

டியூபை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவள் முகம் — வேறு யாரோ மாதிரி இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன், சொல்ல மாட்டேன்.

3-8-2025

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் ஐந்து வகை. ரத்தத்தைப் பற்றித் தகவல் இல்லை.

17-8-2025 ஞாயிறு

வந்துவிட்டது. நாட்டுச் சர்க்கரைகூட வாங்க முடியாத தெருவில் முப்பதில் பதிமூன்று பேருக்குச் சர்க்கரை அதிகமாம். எனக்கு 118. குளத்தூர்ப் பக்கத்தில் முப்பதுக்கு நாலுதானாம்.

ஒவ்வொருவருக்கும் மூடின கவரில் சீட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மறுபடி பார்க்கச் சொல்லி இருக்கிறது. பொன்னுத்தாய் அக்கா சீட்டில் 204, "உடனே" என்று அடிக்கோடு. அக்கா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. "எங்கம்மாவுக்கு இதுலதான் கால எடுத்தாங்க, கொடி."

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கடலைக்காட்டில் நிற்கிற பொம்பளைகளுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு சர்க்கரை?

நான் அப்பவே நினைச்சேன்.

19-8-2025

தெருவிலிருந்து இரண்டு பேர் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள், ராஜலட்சுமியும் கார்த்திகாவும். ரெண்டு பேருக்கும் சரியாக இருக்கிறதாம். "யாரும்மா ஒங்களுக்குச் சர்க்கரைன்னு சொன்னது?" என்று கேட்டார்களாம்.

போதுமா? பொய். எல்லாம் பொய். ஊரை நோயாளியாக்கினால்தானே மாத்திரை விற்கும். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று மிஸ் சொல்லவில்லை, சுகாதார நிலையத்தில் சும்மா கொடுப்பார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது. அதுதான் இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

பொன்னுத்தாய் அக்கா போகக் கிளம்பி நின்றது. நான்தான் நிறுத்தினேன். "நீங்க ஒண்ணும் அலைய வேணாம். அந்தச் சீட்டு பொய்க்கா" என்றேன். அக்கா சீட்டை மடித்து அடுப்பில் போட்டது. காலில் கருவேல முள் குத்தின இடத்தில் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் வைத்துக் கொடுத்தேன்.

27-8-2025 புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஐம்பத்தொரு கொழுக்கட்டையில் இருபது மிச்சம். பயந்துபோய் பாதித் தெரு வாங்கவில்லை. பிள்ளையாருக்கே இது பொறுக்காது.

இளமதி குதித்துக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் இவ்வளவு பேருக்கு ஏன் என்பதை ஒரு பெரிய தாளில் படம் போட்டு, திருச்சியில் நடக்கிற கூட்டத்தில் நின்று விளக்கப் போகிறாளாம். அக்டோபர் பத்தாம் தேதி. போஸ்டர் என்கிறாள். பத்துப் பேரில் ரெண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் இவள் ஒருத்தி. அங்கே பெங்களூர் லேப்காரர்கள் வருவார்களாம். பிடித்துப்போனால் ஆறு மாதம் அங்கேயே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார்களாம். "சின்னக் காலேஜ்ல இருந்து இதுவரைக்கும் யாரும் போனதில்லம்மா."

"நம்ம தெரு நாறினாத்தான் ஒனக்குப் பேரு கிடைக்குமா?" என்றேன். கொழுக்கட்டையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சொல்லியிருக்க வேண்டாம்.

9-9-2025 செவ்வாய்

இன்றைக்குப் புதுக்கோட்டை போனேன். திருக்கோகர்ணத்தில் அம்பாளைக் கும்பிட்டுவிட்டு, இளமதிக்குச் சாப்பாடு கொண்டுவந்ததாகச் சொல்லிக் காலேஜுக்குள் போனேன். உண்மையில் வேவு பார்க்கத்தான். கைப்பையில் பால் நோட்டு இருந்தது. அது எப்போதும் இருக்கும்.

ஒரே அறை. ரெண்டு மெஷின், ஒரு பெரிய குளிர்பெட்டி. பெட்டிக்கு மேலே சரஸ்வதி படம், காய்ந்த பூ. பூவை மாற்றச் சொன்னேன். இளமதி என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இளமதியின் லேப் நோட்டு மேஜையில் இருந்தது. புரட்டினேன். ஒரு இடத்தில்கூட வெள்ளை மை இல்லை, கிழித்த தாள் இல்லை. தப்பாக எழுதினதை ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. மிஸ் சொன்னது: "தப்பு தெரியணும்மா. அதை அழிச்சா அதுதான் பெரிய தப்பு." என் பால் நோட்டிலும் நான் இப்படித்தான். இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அப்போதுதான் அது நடந்தது. மிஸ் பக்கத்தில் ஒரு புதுப் பெண்ணுக்கு, சிவரஞ்சனி என்று பேர், சொல்லிக்கொண்டிருந்தது. "பாஸ்டிங்னா எட்டு மணி நேரம் தண்ணி தவிர எதுவுமே உள்ள போகக் கூடாது. அரை டம்ளர் பால் குடிச்சாக்கூட சர்க்கரை ஏறிக் காட்டும்."

அரை டம்ளர் பால்.

சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இளமதிக்குக் கொடுக்கவே இல்லை. பஸ்ஸில் ஆலங்குடி வந்த பிறகுதான் மடியில் கேரியர் இருப்பது தெரிந்தது.

10-9-2025

பால் நோட்டை எடுத்தேன். ஜூலை 27. பதினைந்து வீடு. பக்கத்தில் சர்க்கரை அதிகம் என்று வந்த பதிமூன்று பேரை எழுதினேன். கவருக்குள் வந்ததைத் தெருவே எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறது, எனக்கு எல்லாம் தெரியும்.

பதிமூன்றில் பதினொரு பேர் பால் வாங்கினவர்கள். என்னோடு பன்னிரண்டு.

ராஜலட்சுமி, கார்த்திகா, நான், எல்லாரும். நான் பாலும் குடித்து ரெண்டு பழமும் தின்றேன். நாலு பேர் வாங்கியும் ஏறவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள்.

விரதம் என்று சொன்னது நான். பால் குடிக்கலாம் என்று சொன்னதும் நான். மிஸ்ஸையும் மருந்துக்கடையையும் பெங்களூரையும் சந்தேகப்பட்டேனே, திருடி என் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறாள்.

பதிமூன்றாவது பேருக்கு எதிரே பால் இல்லை. பச்சைத்தண்ணி.

பொன்னுத்தாய் அக்கா. 204.

11-9-2025

சமைக்கவில்லை. விரதம் இல்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

12-9-2025 வெள்ளி

பொன்னுத்தாய் அக்காவிடம் போனேன். அந்தத் துணி இன்னும் காலில் இருக்கிறது. ஒரு மாதம் ஆகப் போகிறது, ஒரு முள்ளுக்கு.

"அக்கா, ஒரு தடவை சுகாதார நிலையம் போய் வாங்களேன். நான் கூட வாரேன்."

"எதுக்கு?"

"சும்மா. சர்க்கரை பாக்க."

"நீதானடி பொய்னு சொன்னே. அடுப்புல கூடப் போட்டேன்ல. இப்ப என்ன, அது உசுரோட வந்துருச்சா?" என்று சிரித்தது. "ஒரு பேச்சு பேசு கொடி. ஒம் பேச்சக் கேட்டுத்தான் நான் நிம்மதியா தூங்குறேன்."

முழுசாகச் சொன்னால்தான் நம்பும். முழுசாகச் சொன்னால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் காலேஜுக்குத் தெரியும். இளமதியின் படம், திருச்சி, பெங்களூர் — ஒரு டம்ளர் பாலில் போய்விடும்.

சொல்லாமல் அக்காவை மட்டும் எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விட்டால்? இதைத்தான் ராத்திரி முழுக்க முருகனிடம் பேரம் பேசினேன். மற்றவர்களுக்கு ஒன்றும் கெடுதல் இல்லையே, பிள்ளை பிழைத்துப் போகட்டுமே என்று. அவன் வேலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேரத்துக்கு வருகிற சாமி இல்லை அது.

அப்புறம் லேப் நோட்டு ஞாபகம் வந்தது. ஒரு கோடு, கையெழுத்து, தேதி.

14-9-2025 ஞாயிறு

சொல்லிவிட்டேன். பால் நோட்டையும் இந்த நோட்டையும் இளமதி முன்னால் வைத்தேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் பார்த்தாள். பொன்னுத்தாய் அக்காவிடம் வந்ததும் விரல் நின்றது.

"நான் கேட்டேன்ல. சாமி விஷயம் மாதிரி இல்லையான்னு."

"கேட்டே."

"நீ ஒம்பதாவதுன்னு வாய அடச்சே."

"அடச்சேன்."

"போஸ்டர் அச்சுக்குப் போயிருச்சும்மா."

அப்போதும் என் புத்தி பார்: இவள் மறைத்துவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறைத்துவிடு என்று சொல்லவும் வாய் துடித்தது. ரெண்டும் ஒரே நேரத்தில்.

அவள் போனை எடுத்து மிஸ்ஸைக் கூப்பிட்டாள். நான் காப்பி ஆற்றி முடிப்பதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். "எங்கம்மா"ன்னு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "நான் எழுதின வார்த்தை மிஸ், நான் சரிபாக்கலை" என்றாள்.

காப்பியைக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனாள்.

15-9-2025

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பதினைந்து வீடு. ராஜலட்சுமி, "அப்ப எனக்குச் சர்க்கரை இல்லையா? ஒரு மாசமா டீயில சீனி போடாம குடிச்சனே, பாவி" என்றாள். கார்த்திகாவின் மாமியார் என் முகத்துக்கு நேராகவே, "இனிமே விரதத்துக்கு நாங்க ஐயரக் கேட்டுக்குறோம்" என்றது. வாங்கிக்கொண்டேன்.

பொன்னுத்தாய் அக்கா வீடு பதினாறாவது, கடைசி. சொல்லி முடித்தேன். அக்கா சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, "செருப்பு எங்கிட்டுக் கிடக்குன்னு பாரு" என்றது.

சுகாதார நிலையத்தில் 231. காலைப் பார்த்துவிட்டு நர்ஸ் நேராகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தது. ஆம்புலன்ஸில் அக்கா என் கையை விடவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

18-9-2025

தேவிப்ரியா மிஸ் ஆஸ்பத்திரிக்கே வந்தது. நான் எழுந்து நின்றேன். கைகூப்பினேன் என்று நினைக்கிறேன்.

"ஒங்க பால் நோட்டு தரமுடியுமாம்மா? பாத்துட்டுத் திருப்பித் தாரேன்" என்றது.

"எதுக்குங்க?" என்று வாய் தானாகக் கேட்டது. பழக்கம்.

"இந்த வருஷம் எங்ககிட்ட வந்ததுலயே சுத்தமான கணக்கு அதுதான்" என்றது. பிறகு, "நானும் அந்தச் சீட்டப் படிச்சேன்மா. எனக்கும் தோணலை. நானும் வெள்ளிக்கிழமை பால் குடிச்சுத்தான் விரதம்."

கொடுத்தேன். எத்தனை பக்கம் என்று எண்ணிவிட்டுத்தான் கொடுத்தேன்.

21-9-2025

இளமதி ஒரு வாரமாகப் பேசவில்லை. அவள் அப்பாவிடம் பேசுகிறாளாம். "சரியாயிரும்" என்கிறார்கள் அவுக. குவைத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

28-9-2025 ஞாயிறு

தெருவில் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். நவராத்திரி நடுவில். இந்தத் தடவை சீட்டு எழுத இளமதி வியாழக்கிழமையே போன் பண்ணியிருந்தாள். பதினோரு நாள் கழித்து முதல் பேச்சு. "எழுது, சொல்றேன். ஆனா எழுதிட்டு நீ தெருவுல நாலு பேருகிட்டப் படிச்சுக்காட்டிக் கேளு, என்ன வெளங்குதுன்னு" என்றேன். "அதத்தான் மிஸ்ஸும் சொன்னாங்க" என்றாள்.

"வெறும் வயித்தோட வாங்க. பச்சைத்தண்ணி மட்டும் குடிக்கலாம். பால், டீ, காப்பி, பழம், கஞ்சி, சுண்டல், பிரசாதம், வெற்றிலை எதுவும் கூடாது. சாமி கோபிக்காது."

கடைசி வரி நான் போட்டது. மிஸ் அதை அடிக்கவில்லையாம்.

7-10-2025

பன்னிரண்டு பேருக்கும் சரி. எனக்கு 91.

திருச்சிக்கு இளமதி போகவில்லை. அவள் இடத்தில் விக்ரம் போகிறான். பெங்களூரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஊற்றும்போது, "தேவிப்ரியா மிஸ் என்னை மத்த காலேஜுப் பிள்ளைங்ககிட்டப் பேசச் சொல்லியிருக்காங்க. சீட்டு எழுதுறது எப்படின்னு" என்றாள். குரல் சந்தோஷமாக இருந்ததா என்று பிடிபடவில்லை. ரசம் இன்னொரு கரண்டி கேட்டாள்.

ஆகஸ்ட் 19-ஆம் தேதி "எல்லாம் பொய்" என்று எழுதினதை எடுத்து ஒரு கோடு போட்டேன். கையெழுத்து, தேதி. படிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

9-11-2025 ஞாயிறு

காலைப் பால் எட்டே முக்கால் லிட்டர்.

பொன்னுத்தாய் அக்காவுக்கு ஒரு கால்விரல் போனது, கால் தப்பியது. கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிறது. இன்றைக்கு மறுபடி சோதனை, பள்ளிக்கூடத்தில். பேர் எழுத ஆள் குறைகிறது என்று மிஸ் என்னை ஒரு மேஜையில் உட்காரவைத்திருந்தது. ஒவ்வொருவரையும் நானே கேட்க வேண்டும். "சாப்ட்டீங்களா" என்று கேட்கவில்லை. "நேத்து ராத்திரியில இருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?" என்று கேட்டேன்.

அக்கா முறை வந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் நின்றது.

"விடிகாலையில ரெண்டு மடக்குத் தண்ணி. வாரப்ப ஒன்னைய நினைச்சு ஒரு தடவை எச்சி முழுங்கினேன். அதையும் எழுதிக்கடி."

எழுதிக்கொண்டேன்.